இருபத்திநான்கு புகைபோக்கிகள்

ஷியாமளாவுக்கு அந்த வீட்டு வரிசையை முதல் படத்தைப் பார்த்த நாளிலேயே பிடிக்கவில்லை. அதை அவள் மறைத்ததும் இல்லை.

கரூரில் பிறந்து, கோவையில் சிவில் படித்து, சார்ஜாவில் ஒரு கன்சல்டன்சியில் பதினோரு வருடமாகக் கழிவுநீருக்கும் மழைநீருக்கும் குழாய் வரைந்துகொண்டிருந்தவள் அவள். ஒரு கட்டடத்தைக் காட்டினால் மற்றவர்கள் வாசலையும் தூண்களையும் பார்ப்பார்கள். அவள் கண் நேராக மொட்டை மாடிக்குப் போகும். தண்ணீர் எங்கே விழுகிறது, எந்த வழியாக இறங்குகிறது, கடைசியில் எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்ப்பாள். அந்த மூன்று கேள்விக்கும் பதில் இல்லாத கட்டடத்தை அவள் கட்டடம் என்றே ஒப்புக்கொள்வதில்லை.

கம்பெனிக்கு வந்த புதிய வேலையின் பெயர் ‘தி ஆஷ்கோம்ப்’. தென் இங்கிலாந்தில் ஏதோ ஒரு கடற்கரை ஊரில் இருநூறு வருடங்களுக்கு முன் கட்டிய வீட்டு வரிசை ஒன்றை அப்படியே நகலெடுத்து, இங்கே பிறை வடிவில் இருபத்திநான்கு வீடுகள். ஒன்றோடொன்று ஒட்டிய சுவர்கள். முன்னால் வெள்ளைத் தூண்கள், கறுப்புக் கம்பி வேலி, கதவுக்கு மேலே விசிறி போல விரிந்த கண்ணாடி. வேலிக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவில், நடைபாதை மட்டத்துக்குக் கீழே எட்டடி ஆழத்தில் ஒரு பள்ளம். அதில் இறங்கப் படிகள். கூரையில் வீட்டுக்கு ஒரு புகைபோக்கி.

“அம்பது டிகிரி வெயில்ல எவன் சார் கணப்பு மூட்டப் போறான்?” என்று முதல் மீட்டிங்கிலேயே கேட்டாள்.

புராஜெக்ட் டைரக்டர் சதக்கத்துல்லா சிரித்தார். அதிராம்பட்டினத்துக்காரர். முப்பது வருடம் வளைகுடாவில் கட்டடம் கட்டியவர், எல்லாரிடமும் தணிந்து பேசுவார். “அது அழகுக்குமா. உள்ள ஒண்ணும் இருக்காது. ஃபைபர்ல செஞ்சு மேல தூக்கி வச்சிருவோம்.”

அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மிஸ்டர் ஹாலோவே சிரிக்கவில்லை. அவர் பாரம்பரியக் கட்டடக்கலை ஆலோசகர். எந்நேரமும் கசங்கிய லினன் கோட்டு. அந்த அசல் வரிசையைப் பற்றிப் பேசும்போது குரல் கோயிலுக்குள் பேசுவதுபோலத் தாழ்ந்துவிடும். ஜன்னலின் குறுக்குச் சட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்று அரை மணி நேரம் பேசினார். அசலில் அந்த ஜன்னல்கள் மேலும் கீழும் வழுக்கித் திறக்கும், சுவருக்குள் எடைக்கல் தொங்கும் என்றார். நகலில் ஜன்னல் திறக்குமா என்று ஷியாமளா கேட்டாள். திறக்காது, ஒரே கண்ணாடி, அதன்மேல் சட்டம்போல அலுமினியப் பட்டை ஒட்டப்படும் என்றார். அதைச் சொல்லும்போது அவருக்கு வெட்கமே இல்லாததை ஷியாமளா கவனித்தாள்.

அன்று வீட்டுக்குப் போய் அந்த அசலைப் பற்றிப் படித்தாள். படித்தது அவளுக்குப் பெரிய திருப்தியைத் தந்தது. அசலே ஒரு ஏமாற்று வேலை. நிலத்தை வாங்கி விற்கும் ஒருவன் மட்டமான செங்கல்லில் சுவர் எழுப்பி, மேலே சாந்து பூசி, ஈரம் காய்வதற்குள் கோடு கீறி, பாளம் பாளமாக வெட்டிய கல் போலத் தெரியும்படி வர்ணம் அடித்திருக்கிறான். தெருவிலிருந்து பார்த்தால் ஒரே அரண்மனை. பின்னால் போய்ப் பார்த்தால் வாங்கினவன் ஒவ்வொருவனும் தன் இஷ்டத்துக்குக் கட்டிக்கொண்ட கோணல் சுவர்கள். முன்னால் இருந்த பள்ளம் வேலைக்காரர்களுக்கு. அவர்கள் வாசல் வழியாக வரக்கூடாது என்பதால் படி இறங்கிப் போய்ச் சமையலறைக்குள் நுழைவார்கள். நடைபாதையில் வட்டமான இரும்பு மூடிகள் இருந்தன, அவற்றைத் திறந்து கரியைக் கொட்டினால் நிலவறைக்குள் விழும், கரிக்காரனும் வீட்டுக்குள் வர வேண்டியதில்லை.

பொய்யை நகலெடுக்கிறோம், அதையும் சரியாக எடுக்கத் தெரியவில்லை என்று அவள் தன் டிராயிங் மேசையில் உட்கார்ந்து முணுமுணுத்தாள்.

ஏனென்றால் அசலைக் கட்டினவன் திருடனாக இருந்தாலும் மழையைத் தெரிந்தவன். கூரையை நடுவில் பள்ளமாக வைத்து, தண்ணீரைப் பின்பக்கமாக இறக்கி, தெருச் சாக்கடையில் விட்டிருந்தான். இங்கே பின்பக்கம் கார் நிறுத்துமிடம். அங்கே குழாய் வரக்கூடாது என்றார்கள். முன்பக்கத்தில் குழாய் தெரிந்தால் முகப்பின் தூய்மை போய்விடும் என்றார் ஹாலோவே. கடைசியில் கூரைத் தண்ணீர் சுவருக்குள் மறைந்த ஒரே குழாய் வழியாக முன்னால் இருந்த பள்ளத்தில் விழும், அங்கிருந்து ஒரு சிறிய உறிஞ்சு குழிக்குப் போகும் என்று முடிவானது.

ஷியாமளா மண் பரிசோதனை ரிப்போர்ட்டையும் மோட்டார் போட்டுத் தான் வரைந்த டிராயிங்கையும் எடுத்துக்கொண்டு சதக்கத்துல்லாவின் அறைக்குப் போனாள்.

“சார், கடல் ரெண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்குதுங்க. பள்ளத்துக்கு அடியில ஒரு முழம் தோண்டினா உப்புத் தண்ணி. உறிஞ்சு குழி எங்கிங்க சார் உறிஞ்சும்? ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு மோட்டார் வேணும்.”

“மழையே இல்லாத ஊருல மழைத் தண்ணிக்கு மோட்டாரு கேக்குறீங்களேம்மா.”

“வருசத்துக்கு நாலு நாளாவது வருதுங்க.”

“நாலு நாளைக்கு இருவத்தி நாலு மோட்டாரு! அதுக்கான கரண்டு பொட்டிய எங்க வைக்கிறது? ஹாலோவே முகப்புல வைக்க விடமாட்டாரு. கொஞ்சம் அனுசரிச்சுப் போங்கமா.”

“பள்ளத்துல ரூம் வேற இருக்குதே சார்.”

“அது ஸ்டோரு. சாமான்தானே.”

ஷியாமளா தன் இடத்துக்குத் திரும்பி நான்கு வரியில் ஒரு ஈமெயில் எழுதினாள். மோட்டார் இல்லாவிட்டால் பள்ளத்தில் தண்ணீர் தேங்கும் என்று தெளிவாகச் சொல்லி, சதக்கத்துல்லாவுக்கும் ஹாலோவேக்கும் அனுப்பி, ஒரு பிரதியைத் தனியாகச் சேமித்தாள். பதில் வரவில்லை. அடுத்த வாரம் மோட்டார் இல்லாத டிராயிங் அவள் மேசைக்கு வந்தது. முட்டாள்கள், பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். அந்த நேரத்தில் அவள் மனதில் பயம் கொஞ்சமும் இல்லை. எல்லாரையும்விடத் தனக்கு அதிகம் தெரியும் என்ற சுகம்தான் இருந்தது.

கட்டட வேலை ஒன்றரை வருடம் நடந்தது. பிளம்பிங் ஃபோர்மேன் வேலுச்சாமிக்கு முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரு கிராமம். பதினைந்து வருடமாகத் தொழிலாளர் கேம்ப்பில் இருப்பவர். ஷியாமளா சைட்டுக்குப் போகும் நாட்களில் இருவரும் சேர்ந்து அந்த வரிசையைக் கேலி செய்வது வழக்கமாகிவிட்டது. தூணைத் தட்டினால் தகர டப்பா போலச் சத்தம் வந்தது. பள்ளத்துக்கு வேலுச்சாமி ‘அகழி’ என்று பெயர் வைத்தார். நடைபாதையில் இருபத்திநான்கு வட்ட மூடிகளைப் பதித்த அன்று அவளைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“இதுக்குக் கீழ என்ன மேடம்?”

“ஒண்ணுமில்லண்ணா. மணல்.”

“அப்ப மூடி எதுக்கு?”

“கரி கொட்டறதுக்கு.”

“கரி?”

“இல்ல.”

வேலுச்சாமி மூடியின் மேல் குந்தி உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவளும் சிரித்தாள்.

ஜனவரியில் வீடுகளுக்கு ஆட்கள் குடிவந்தார்கள். விற்பனைப் புத்தகத்தில், அவள் ‘ஸ்டோர்’ என்று வரைந்திருந்த அறைக்கு ‘ஸ்டாஃப் ரூம்’ என்று பெயர் மாறியிருந்தது. தனி வாசல், குடும்பத்தின் தனிமைக்கு இடையூறு இல்லை என்று கீழே ஒரு வரி. வீட்டுக்குள்ளிருந்து அந்த அறைக்குப் படி கிடையாது. அறை சின்னது என்பதால் கதவு வெளிப்பக்கமாகப் பள்ளத்துக்குள் திறக்கும்படி வைத்திருந்தார்கள். ஜன்னல் வழக்கம்போல ஒட்டுப்பட்டை ஜன்னல். ஷியாமளா அந்தப் புத்தகத்தைப் புரட்டிவிட்டுத் தூக்கிப் போட்டாள். அசலில் இருந்த ஒரே உண்மையான விஷயத்தைத்தான், வேலைக்காரர்களைக் கீழே தள்ளுவதை மட்டும்தான், இவர்கள் பிசகாமல் நகலெடுத்திருக்கிறார்கள் என்று ஆபீசில் எல்லாரிடமும் சொன்னாள். எல்லாரும் ரசித்தார்கள். அதோடு அது முடிந்தது.

நோன்புப் பெருநாள் முடிந்த அடுத்த வாரம், ஏப்ரலில், அந்தப் பெருமழை வந்தது. காலையிலேயே வானம் பச்சையாகக் கறுத்தது. பத்து மணிக்கெல்லாம் சாலைகளில் கார்கள் மிதந்தன. கட்டி முடித்த பிறகும் ஒரு வருடத்துக்குப் பழுது பார்ப்பது கம்பெனியின் பொறுப்பு என்பதால் ஷியாமளாவின் போன் ஓயாமல் அடித்தது. ஆபீசில் இருந்த ஒரே டீசல் பம்ப்பைப் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு வேலுச்சாமியோடு கிளம்பினாள். வழியில் சதக்கத்துல்லா கூப்பிட்டார்.

“முதல்ல ஒண்ணாம் நம்பருக்குப் போங்கமா. ஷோ ஹவுஸு. கார்ப்பெட் எல்லாம் நனையுதாம்.”

ஒன்றாம் நம்பரில் யாரும் குடியில்லை. வாங்க வருபவர்களுக்குக் காட்டுவதற்காக அலங்கரித்து வைத்த வீடு. அங்கே போய்ப் பம்ப்பை இறக்கி, கூரையிலிருந்து ஒழுகிக் கார்ப்பெட்டுக்கு அடியில் தேங்கிய தண்ணீரை ஒரு மணி நேரம் இறைத்தார்கள். கூரையில் கைப்பிடிச் சுவருக்குள் தொட்டிபோல் தேங்கிய தண்ணீர் அந்த ஒரே குழாய் வழியாகப் பள்ளத்தில் கொட்டுவதை ஷியாமளா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். “சொன்னேன்ல? அப்பவே சொன்னேன்” என்று பம்ப் இரைச்சலுக்கு மேல் கத்தினாள். அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது. அதைப் பிறகு பல நாள் நினைத்து அவள் கூசிப்போனாள்.

வேலுச்சாமி வண்டிக்குப் போய்ப் போனை எடுத்தபோது ஏழு மிஸ்டு கால்கள். திருப்பிக் கூப்பிட்டவர் முகம் மாறியது.

“மேடம், பதினேழாம் நம்பர். கனகா புள்ள. உள்ள மாட்டிக்கிச்சு.”

கனகா விருத்தாசலத்துக்காரி, அந்த வீட்டில் வேலை செய்பவள். போன வாரம் குழாய் சரிசெய்யப் போனபோது வேலுச்சாமி தமிழ் என்று தெரிந்து நம்பர் வாங்கி வைத்திருந்தாள். வீட்டுக்காரர்கள் பெருநாள் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தார்கள்.

கொட்டும் மழையில் இருவரும் நடைபாதையில் ஓடினார்கள். பதினேழாம் நம்பர் பள்ளத்தில் தண்ணீர் நான்கடிக்கு மேல் ஏறியிருந்தது. கதவு வெளியே திறக்கும் கதவு. தண்ணீர் அதைச் சுவரோடு சுவராக அழுத்திப் பிடித்திருந்தது. கதவுக்கு அடியிலும் ஜன்னல் ஓரத்திலும் தண்ணீர் உள்ளே புகுந்துகொண்டிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் கனகா கட்டிலின் மேல் பெட்டியைப் போட்டு அதன்மேல் நின்றாள்.

“அண்ணே! கரண்டு கட்டாயிடிச்சி! கட்டிலுக்கு மேல வந்திடிச்சிண்ணே!”

“பின்னால தள்ளி நில்லு! கண்ணாடிய ஒடைக்கிறேன்!”

வேலுச்சாமி வேலியிலிருந்து ஒரு ஈட்டிக் கம்பியைப் பிடித்து இழுத்தார். உடனே கையோடு வந்தது. அதால் ஜன்னலைக் குத்தினார். இரும்பு மாதிரி கறுப்பு பூசிய வெற்று அலுமினியம், இரண்டாக மடங்கியது. அதைத் தண்ணீரில் வீசிவிட்டு, ஜென்மத்தில் ஷியாமளா கேட்டிராத ஒரு கெட்ட வார்த்தையைச் சொன்னார். அவள் பிக்கப்பிடம் ஓடி ஜாக்கி கம்பியை எடுத்து வந்தாள்.

அவர் பள்ளத்தில் இறங்கி நெஞ்சளவு தண்ணீரில் நின்று ஜன்னலின் மேல்பாதியை அடித்தார். இரண்டு அடுக்குக் கண்ணாடி, நான்காவது அடியில்தான் நொறுங்கியது. ஒட்டியிருந்த பட்டைகளைக் கையால் பிய்த்தார். ஷியாமளா படியில் இடுப்புத் தண்ணீர்வரை இறங்கி, வேலுச்சாமியின் துண்டைச் சுற்றிச் சட்டத்தின் விளிம்பில் போட்டாள். கனகா தலையை முதலில் நீட்டி வெளியே வந்தாள். முன்கை கண்ணாடியில் கிழிந்து இரத்தம் தண்ணீரில் கரைந்தது. மூவரும் படியேறி வெளியே வந்து நடைபாதையில் உட்கார்ந்தார்கள். கனகா கிழிந்த கையை மார்போடு அணைத்துக்கொண்டாள். குளிரில் பல் அடித்துக்கொண்டிருந்தது.

ஷியாமளாவின் போன் மறுபடி அடித்தது. சதக்கத்துல்லா. “கார்ப்பெட் என்னாச்சுமா?” அவள் போனை அணைத்தாள்.

மூன்று நாள் கழித்து, சாலைகள் வடிந்ததும், மீட்டிங் நடந்தது. கனகாவின் கையில் பதினொரு தையல் என்பதை வேலுச்சாமி சொன்னார். சதக்கத்துல்லா உண்மையாகவே வருத்தப்பட்டார். அல்லாஹ் காப்பாத்தினான் என்று இரண்டு தரம் சொன்னார். பிறகு ரிப்போர்ட்டைப் பற்றிப் பேசினார். உறிஞ்சு குழியில் குடியிருப்பவர்கள் குப்பை போட்டு அடைத்ததால் தண்ணீர் தேங்கியது என்று ஷியாமளா எழுதித் தர வேண்டும். ஹாலோவே பள்ளங்களை மண் போட்டு மூடலாம், மேலே செயற்கைப் புல் விரிக்கலாம், ஆனால் வேலி கண்டிப்பாக இருக்க வேண்டும், வேலி இல்லாவிட்டால் அந்தக் காலத்துத் தன்மையே போய்விடும் என்றார்.

“அப்ப அந்த ரூம் சார்?” என்றாள் ஷியாமளா.

“கதவை மட்டும் உயர்த்தி வச்சிக்கலாம். ரூம் இருக்கட்டும்” என்றார் சதக்கத்துல்லா.

“குப்பை அடைக்கலைங்க. மோட்டார் இல்ல. நான் ஈமெயில்ல எழுதியிருக்கேன்.”

“எழுதியிருக்கீங்க. அதுக்கப்புறம் டிராயிங்குல கையெழுத்தும் போட்டிருக்கீங்க” என்றார் அவர். மிரட்டும் குரல் இல்லை. “இது வெளிய போனா முதல்ல மாட்டுறது நீங்கதாம்மா. யோசிச்சு எழுதுங்க.”

அன்று மாலை அவள் சார்ஜாவின் ரோலாப் பகுதியில் கனகா தங்கியிருந்த இடத்துக்குப் போனாள். ஆறு பெண்கள் பங்கிட்டிருந்த ஒரு அறை. அதில் ஒருத்தி கனகாவின் ஊர்க்காரி. கனகா கீழ்க் கட்டிலில் கையைத் தலையணைமேல் வைத்துச் சாய்ந்திருந்தாள். ஷியாமளா கொண்டுபோன பழங்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

“அந்த ரூமு நீங்க வரைஞ்சதா மேடம்?”

“குழாய் மட்டும்தான். ஆனா படத்துல இருந்துச்சு.”

“படத்துல என்னான்னு போட்டிருந்திச்சி?”

“ஸ்டோர்னு.”

“சாமான் வைக்கிற எடமா?” “தண்ணி வரும்னு தெரியாதா யாருக்கும்?”

“எனக்குத் தெரியும் கனகா. மோட்டார் வேணும்னு அப்பவே எழுதினேன்.”

“எழுதிட்டு?”

ஷியாமளா மடியிலிருந்த பழப்பையின் முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

“எழுதிட்டு என்னா பண்ணீங்க மேடம்?”

“கையெழுத்துப் போட்டேன்.”

கனகா அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இத்தனை நாளும் ஷியாமளா மற்றவர்களை எடைபோட்டுப் பார்த்த பார்வைதான் அது; அது தன் பக்கம் திரும்பினால் எப்படி இருக்கும் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. “சரி, போய்ட்டு வாங்க” என்று சொல்லிவிட்டுக் கனகா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

வீட்டுக்குத் திரும்பி ஷியாமளா ரிப்போர்ட் எழுதினாள். குப்பை என்ற சொல்லே அதில் இல்லை. மண் பரிசோதனை, மோட்டார் இருந்த முதல் டிராயிங், தன் ஈமெயில், மோட்டார் இல்லாமல் வந்து தான் கையெழுத்திட்ட டிராயிங், ஸ்டாஃப் ரூம் என்று அச்சிட்ட விற்பனைப் புத்தகம் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கினாள். தெரிந்தே கையெழுத்துப் போட்டது தன் தவறு என்று கடைசியில் ஒரு பத்தி எழுதினாள். அதை எழுத ஒரு மணி நேரம் ஆயிற்று. நான்கு முறை அழித்தாள், ஒவ்வொரு தடவையும் பழி வேறு யார்மேலாவது சாய்ந்துகொண்டிருந்தது. காலையில் அதை ஆபீசுக்குக் கொண்டுபோகாமல் நேராக நகராட்சியில் கொடுத்தாள். சாட்சிக்கு வேலுச்சாமி வந்தார். வேண்டாம், உங்கள் வேலை போய்விடும் என்று அவள் தடுத்தபோது, “நானுந்தான் மேடம் அந்த மூடி மேல ஒக்காந்து சிரிச்சேன்” என்றார்.

பரிசோதகர்கள் இரண்டு வாரத்தில் வந்தார்கள். இருபத்திநான்கு கீழறைகளிலும் ஆள் தங்கக்கூடாது என்று உத்தரவு ஒட்டப்பட்டது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் மோட்டார் வைக்கச் சொன்னார்கள். அதன் சாம்பல் நிறப் பெட்டிகள் வெள்ளைத் தூண்களுக்கு நடுவில் வரிசையாக வந்து உட்கார்ந்தன. வீட்டு வேலை செய்பவர்களை மேல்தளத்தில் துணி துவைக்கும் அறைகளுக்கு மாற்றினார்கள். அவையும் பெரிய அறைகள் இல்லை. ஆனால் பின்பக்கம் உண்மையாகவே திறக்கும் ஜன்னல் இருந்தது. கம்பெனிக்கு அபராதம். ஹாலோவே வளைகுடாவின் இன்னொரு ஊருக்கு, ஏதோ இத்தாலியத் தெரு கட்டும் வேலைக்குப் போய்விட்டார். சதக்கத்துல்லா ஷியாமளாவை அழைத்து, முகத்தைப் பார்க்காமல், ராஜினாமாக் கடிதம் வாங்கிக்கொண்டார். அவளுடைய பொறியாளர் பதிவை ஆறு மாதம் நிறுத்தி வைத்தார்கள். வேலுச்சாமியை வேறு சைட்டுக்கு மாற்றினார்கள், வெளியே அனுப்பவில்லை. நல்ல பிளம்பர் கிடைப்பது அவ்வளவு எளிதில்லை.

கனகா அந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. பக்கத்து ஊரான அஜ்மானில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலைக்குச் சேர்ந்தாள் என்று வேலுச்சாமி சொன்னார். உத்தரவு ஒட்டிய அன்று ஷியாமளா அவளுக்கு அறைகளை மூடிவிட்டார்கள் என்று ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தாள். பதில் மறுநாள் மாலை வந்தது. “சரி மேடம்” என்று மட்டும் இருந்தது. அதைப் படித்துவிட்டு ஷியாமளா போனைக் கவிழ்த்து வைத்தாள். இன்னும் இரண்டு வார்த்தை கனகா எழுதியிருக்கலாம் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன்மேலேயே எரிச்சலும் வந்தது.

பதிவு திரும்பக் கிடைத்ததும் அவள் பக்கத்து நாட்டில், சலாலாவில், ஒரு சிறிய ஆபீசில் சேர்ந்தாள். அங்கே பருவமழைக் காலத்தில் வாரக்கணக்கில் தூறும். முதல் வாரம் ஒரு பள்ளிவாசல் டிராயிங் வந்தது; ஓரிடத்தில் குழாய் போதாது என்று அவளுக்குப் பட்டது. ஈமெயில் எழுத உட்கார்ந்தவள், இரண்டு வரி எழுதி நிறுத்தினாள். டிராயிங்கைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து மேனேஜரின் அறைக்குப் போனாள். இதைச் சரிசெய்யும்வரை கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். அவர் ஆச்சரியமாகப் பார்த்துவிட்டு, “உட்காருங்க, காட்டுங்க” என்றார்.